சுவரை விட்டுவிட்டுச் சித்திரம் வரைபவர்கள்

பழைய கார்களின் அணிவகுப்பு எங்கே நடந்தாலும் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். 1960-களில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று மர நிழலில் நிற்கும். பச்சையோ நீலமோ, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு! உரிமையாளர் கையில் துணியோடு சுற்றிச் சுற்றி வருவார். நான்கு பேர் கூடியதும் பெருமையாக பானட்டைத் திறப்பார். ஹெரால்டின் பானட் சாதாரண பானட் கிடையாது. இரண்டு பக்க மட்கார்டும் அதோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். எஞ்சின், முன் சக்கரங்கள், சேஸின் முன்பகுதி, எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் ஃபயர்வால், எல்லாம் வெட்டவெளிச்சம்.

அங்கேதான் குட்டு உடைகிறது. ஃபயர்வால் முழுக்க ஸ்ப்ரே டப்பாவில் அடித்த கருப்பு. தகட்டின் மேல் மட்டுமா? ஒயர்கள் மேல், ரப்பர் ஹோஸ் மேல், கம்பெனி பொருத்திய எண் பட்டையின் மேல்கூட அதே கருப்பு. பேட்டரிக்குக் கீழே அம்மைத் தழும்பு மாதிரி கொப்புளங்கள். குனிந்து பார்த்தால் சேஸும் அதே கருப்பு. ஸ்பேனரால் தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டிய இடத்தில் "சத்" என்று கேட்கும். வெளிப் பெயிண்டுக்கு ஆன செலவை உரிமையாளர் அடுக்கிக்கொண்டிருப்பார். உள்ளே ஆன செலவு இரண்டு ஸ்ப்ரே டப்பா.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளை வளர்க்கிற ஊர் இது. ஆனால் பழைய கார் என்று வந்துவிட்டால் சித்திரம் முதலில், சுவர் அப்புறம், அதுவும் காசு மிஞ்சினால்! வெறும் ரசனைக் குறைவு என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்தக் காரில் நாளைக்கு ஒரு குடும்பம் ஏறி உட்காரப் போகிறது. அதனால் விட முடியாது.

மெட்ராஸ் கார் சொல்லும் பாடம்

ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வந்த கார். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலாட்டி. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் தனிச் சேஸை விட்டுவிட்டு, பாடியே சட்டமாகவும் இருக்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி மட்டும் பழைய வழிக்கே திரும்பியது. காரணம் நெருக்கடி. அவர்களுக்குப் பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. சரி, துண்டு துண்டாகச் செய்து சேஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதில் இன்னொரு லாபமும் இருந்தது. பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி, வேறு நாட்டில் பூட்டிக்கொள்ளலாம். 1961 முதல் 1970-களின் தொடக்கம் வரை சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி இந்தக் காரைச் செய்தது. அம்பாசடர் வங்காளத்தின் உத்தர்பாராவிலிருந்து வந்தது, ஃபியட் பம்பாயிலிருந்து வந்தது. ஹெரால்டு நம்மூர்ப் பிள்ளை.

இந்தக் கதைக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய உண்டு. போல்ட் போட்டு முடுக்கிய காரைப் போல்ட் கழற்றிப் பிரிக்கவும் முடியும். ஒரு ஸ்பேனர் செட், பொறுமை, துரு ஏறிய போல்ட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய், தூக்கிப் பிடிக்க நான்கு நண்பர்கள். பாடி ஒரு பக்கம், சேஸ் ஒரு பக்கம் என்று பிரித்துவிடலாம். அதாவது சேஸை முழுதாகச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்ல ஹெரால்டு வைத்திருப்பவருக்கு உரிமையே கிடையாது. அந்தக் காரிலேயே சேஸை விட்டுவிட்டு பானட்டுக்கு மெருகேற்றுகிறார்கள் என்றால் மற்ற கார்களின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்கள் "எங்கள் காருக்குத்தான் சேஸே கிடையாதே" என்று தப்பிக்க நினைக்க வேண்டாம். அவற்றில் பாடியே சட்டம். தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும்தான் அங்கே சேஸ் வேலையைச் செய்கின்றன. அவை அரித்தால் மாற்றிப் போட தனிச் சட்டம் கிடையாது. அவர்களுக்கு ஆபத்து ஒரு படி அதிகம்.

அந்தத் தகடு என்ன வேலை செய்கிறது?

கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு ஃபயர்வால் என்றால் வைரஸ் ஞாபகம் வரும். காரில் அது நிஜச் சுவர். ஒரு பக்கம் பெட்ரோல், சூடான சைலன்சர் குழாய், தீப்பொறி. மறுபக்கம் ஓட்டுபவரின் கால். நடுவில் நிற்பது ஒரு மெல்லிய இரும்புத் தகடு. நெருப்பையும் புகையையும் அந்தப் பக்கமே நிறுத்துவது அதன் முதல் வேலை.

அதோடு முடியவில்லை. ஹெரால்டில் பிரேக் பெடலும் அதன் மாஸ்டர் சிலிண்டரும் பிடித்திருப்பது இந்தத் தகட்டில்தான். அவசரத்துக்கு பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது அந்த உதையைத் தாங்குவது ஃபயர்வால். முன்கதவின் கீல்கள் தொங்குவது அதன் ஓரத் தூணில். கண்ணாடிச் சட்டம் உட்கார்ந்திருப்பது அதன் தலையில். பேட்டரி உட்கார்ந்திருப்பது அதிலேயே அமைந்த ஒரு குழியில்.

அந்தக் குழிதான் இந்தக் காரின் சாபம். பேட்டரி அமிலம் கசிந்து முதலில் பெயிண்டைத் தின்னும், பிறகு தகட்டைத் தின்னும். பக்கத்திலேயே மாஸ்டர் சிலிண்டர். அதன் சீல் தேய்ந்தால் பிரேக் ஆயில் சொட்டும். சாதாரண பிரேக் ஆயில் பெயிண்டை உரிப்பதில் பெயிண்ட் ரிமூவருக்குத் தம்பி. உரிந்த இடத்தில் மழைத்தண்ணீர் நின்றால் துரு ஆரம்பம். அதன் மேல் கருப்பு ஸ்ப்ரே அடித்தால் துரு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் வேலையைத் தொடரும்.

சேஸின் கதையும் இதுதான். ஹெரால்டின் சேஸ் இரும்புப் பெட்டிக் குழல்களால் ஆனது. நடுவில் இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றிலிருந்து கை நீட்டியது போலப் பக்கச் சட்டங்கள். பாடி உட்கார்ந்திருப்பது அந்தக் கைகளின் மேல். பெட்டிக் குழல் என்பதால் தண்ணீரும் சேறும் உள்ளே போகும், எளிதில் வெளியே வராது. வெளியே பெயிண்ட் புத்தம் புதிதாக இருக்க, உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வரும். கடலோர ஊர் என்றால் காற்றிலேயே உப்பு. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன், கூடவே வேகத்தைக் கூட்ட உப்பு. சென்னையில் இந்த நான்கும் இலவசம்.

"வெளியே தெரியாததுக்கு எதுக்கு செலவு?"

இதுதான் முதல் வாதம். ஷெட்டில், டீக்கடையில், உறவினர் வீட்டில், எங்கே பேசினாலும் இதையே கேட்கலாம். கேட்பவரிடம் ஒரு பதில் கேள்வி கேட்கலாம். வீட்டு அஸ்திவாரமும் வெளியே தெரிவதில்லையே, அதற்கு ஏன் சிமென்ட் போட்டார்கள்?

வெளித்தகட்டில் ஓட்டை விழுந்தால் அசிங்கம். மட்கார்டு துருப்பிடித்தால் கழற்றி வேறு போடலாம், புதுப்பேட்டையில் தேடினால் எங்காவது ஒன்று அகப்படும். பக்கச் சட்டம் அரித்தால் பாடி தொய்யும், கதவு மூடாது, திருப்பத்தில் கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டீயரிங் பிடித்திருக்கும் இடம் அரித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆக, துரு பிடித்தால் உயிர் போகாத இடத்துக்கு மூன்று கோட் பெயிண்ட், உயிர் போகிற இடத்துக்கு ஒரு கோட் ஸ்ப்ரே. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருப்பு பெரும்பாலும் விற்பனைக்கு முந்தின வாரம்தான் அடிக்கப்படுகிறது. வாங்குபவர் குனிந்தாலும் "அடேயப்பா, அடிப்பக்கம் எவ்வளவு நீட்டா வச்சிருக்காரு" என்று ஏமாற வேண்டும் என்பதற்காக. புதுக் கருப்பு என்பது பழைய காரில் நற்சான்றிதழ் அல்ல, சந்தேகப்பட வேண்டிய முதல் அடையாளம். ஐம்பது வருஷ சேஸ் நேற்றுச் செய்தது போல இருந்தால் வேலை நடந்த புகைப்படங்களைக் கேட்க வேண்டும். உண்மையாக உழைத்தவர் கேட்பதற்கு முன்னாலேயே நூறு படம் காட்டுவார்!

"துரு மருந்து தடவினால் போதும்"

இரண்டாவது வாதம் கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு புட்டி கிடைக்கிறது. தடவினால் சிவப்புத் துரு கருப்பாக மாறிவிடும். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து அதை நிலையான வேறு பொருளாக மாற்றுகிறது. இதில் பொய் இல்லை. ஆனால் மருந்து தொடுகிற இடத்தை மட்டும்தான் அது மாற்றும். தகட்டோடு ஒட்டிய மெல்லிய துருவுக்கு அது சரி. செதில் செதிலாக எழும்பிய துருவுக்கு மேல்தோல் மட்டும் கருக்கும், அடியில் பழையபடி சிவப்பு. மீந்த அமிலத்தைக் கழுவித் துடைக்காமல் பெயிண்ட் அடித்தால் அந்தப் பெயிண்டும் சரியாக ஒட்டாது.

அண்டர்பாடி கோட்டிங் என்று தார் கலந்த கெட்டிப் பூச்சு அடிப்பதும் இதே ரகம். சுத்தமான, ப்ரைமர் போட்ட தகட்டின் மேல் அது நல்ல கவசம். துருவின் மேல் அடித்தால், கொஞ்ச நாளில் வெடிப்பு விடும், வெடிப்பு வழியே தண்ணீர் நுழையும், நுழைந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குடித்தனம் நடத்தும். பூச்சே இல்லாத இரும்பாவது வெயிலில் காயும்!

ரெட் ஆக்சைடு பற்றியும் ஒரு வார்த்தை. கேட் முதல் கிரில் வரை நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அது அடிப்பூச்சு மட்டுமே. நுண்துளைகள் உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். ரெட் ஆக்சைடு அடித்து "அப்புறம் பார்க்கலாம்" என்று மழைக்காலம் முழுக்க வெளியே நிறுத்திய சேஸ், ப்ரைமருக்கு அடியிலேயே துருப்பிடித்திருக்கும்.

"ஷெட்டில் விட்டால் அவங்க பாத்துப்பாங்க"

மூன்றாவது வாதம். இதற்குப் பதில் சொல்லும்போது பெயிண்டர்களைத் திட்டுவது எளிது. அது நியாயமில்லை. டிங்கரிங், பெயிண்டிங் செய்பவர்களுக்குக் கொடுக்கிற கூலியே பளபளப்புக்குத்தான். ஐம்பது வருஷ கிரீஸைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள், பெட்டிக் குழலின் மூலைமுடுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க இரண்டு நாள். அந்த நான்கு நாளுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? "பானட்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரியுது" என்று சண்டை போடுகிற உரிமையாளர் எவராவது "பேட்டரிக் குழிக்கு அடியில் ஏன் ப்ரைமர் இல்லை" என்று சண்டை போட்டதுண்டா? கேட்காததை அவர் ஏன் செய்ய வேண்டும்?

அதனால்தான் இந்த வேலையை உரிமையாளரே தன் கையால் செய்ய வேண்டும். பணம் மிச்சம் என்பதற்காக அல்ல. கூலிக்குக் கட்டுப்படியாகாத, ஆனால் நேரமும் அக்கறையும் மட்டுமே கேட்கிற வேலை இது. திறமை வேண்டியது கடைசிக் கோட்டுக்குத்தான். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் கழுவுவது, சுரண்டுவது, துடைப்பது, மறுபடி துடைப்பது. படித்த கைக்கு இழுக்கு என்று யாராவது நினைத்தால் அவர்கள் பழைய கார் வாங்காமல் இருப்பது உத்தமம்.

இன்னொரு லாபமும் உண்டு. கையால் தேய்த்தவருக்குத்தான் எங்கே விரிசல், எங்கே பழைய வெல்டிங், எங்கே பட்டி வைத்து ஓட்டையை மறைத்திருக்கிறார்கள் என்று தெரியும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பட்டி வீங்கியிருந்தால் அடியில் துரு தள்ளுகிறது என்று அர்த்தம். ஃபயர்வாலில் பட்டி இருந்தாலே அதைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும்.

வரிசை தவறினால் வேலை வீண்

வரிசை ரொம்ப எளிது. கஷ்டம் அதை மீறாமல் இருப்பதில்.

முதலில் படம். ஒவ்வொரு ஒயரும் எந்த ஓட்டை வழியே போகிறது என்று கழற்றுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். சேஸுக்குக் கீழே வேலை என்றால் ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் வைத்தே தீர வேண்டும்.

இரண்டாவது கழுவல். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு முழுதாகப் போக வேண்டும். இல்லையென்றால் தேய்க்கத் தேய்க்க கிரீஸ் கீறல்களுக்குள் இறங்கும். சோப்புத் தண்ணீர் முதலில், ஏனென்றால் உப்பு தின்னரில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். காய்ந்த பிறகு தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன் இன்னொரு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றியதுதான் மிச்சம். மண்ணெண்ணெய் பின்னால் ஒரு பிசுக்கு விட்டுவிட்டுப் போகும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது? ஃபயர்வாலைக் காப்பாற்றப் போய் வீட்டைக் கொளுத்திக்கொள்கிற புத்திசாலித்தனம்.

மூன்றாவது துரு நீக்கல். சேஸ் கெட்டியான இரும்பு, மணல் வீச்சைத் தாங்கும். ஃபயர்வால் மெல்லிய தகடு, முரட்டுத்தனமாக அடித்தால் வளைந்துவிடும். அதற்குக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. 1960-களின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்று இந்தியா உச்சவரம்பு வைத்ததே 2017-ல்தான் அமலுக்கு வந்தது. பழைய பெயிண்டைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி பறக்கவிடாமல், தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. ஃபயர்வாலில் ஒட்டியிருக்கும் பழைய வெப்பத் தடுப்பு அட்டையில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அதைப் பிய்த்துத் தூளாக்காமல் நனைத்து முழுதாக எடுப்பது நல்லது.

நான்காவது ப்ரைமர். வெறும் இரும்பை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் காலையில் செம்மை பூத்திருக்கும். அதனால் ஒரு நாளில் ப்ரைமர் போட முடிகிற அளவுக்கு மட்டுமே துருவை எடுக்க வேண்டும். இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எப்பாக்ஸி ப்ரைமர் ஈரத்தைத் தடுப்பதில் ரெட் ஆக்சைடைவிடப் பல படி மேல். ஆனால் வானிலை பார்த்தாக வேண்டும். பெயிண்ட் தொழிலில் ஒரு விதி உண்டு. தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சென்னையில் 32 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் பனி படியும் நிலை ஏறக்குறைய 28 டிகிரி. நிழலில் குளிர்ந்து கிடக்கிற சேஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் உட்கார்ந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்குவது வீம்பு. பங்குனிக்குக் காத்திருந்தால் குடியா முழுகிவிடும்?

ஐந்தாவது ஓரங்கள். பெயிண்ட் காயும்போது கூரான ஓரங்களிலிருந்து விலகி மெலிந்துவிடும். துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். கப்பலுக்கும் பாலத்துக்கும் பெயிண்ட் அடிப்பவர்கள் ஓரம், வெல்டிங் தையல், போல்ட் ஓட்டை ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு கோட் பிரஷ்ஷால் கொடுப்பார்கள். சேஸுக்கும் அதேதான். ஃபயர்வாலில் தகடும் தகடும் சேரும் இடங்களுக்கு ப்ரைமருக்குப் பிறகு, மேல்கோட்டுக்கு முன் சீலர் வைக்க வேண்டும். பெட்டிக் குழலின் உள்ளே பிரஷ் போகாது. தண்ணீர் வெளியேறும் துளைகளின் அடைப்பை எடுத்துவிட்டு, கடைசியில் உள்ளே மெழுகுப் பூச்சு பீய்ச்ச வேண்டும். இதைச் செய்யாத சேஸ் பெயிண்டிங், வெள்ளையடித்த கல்லறை.

ஆறாவது, எர்த் ஒயர் பிடிக்கும் இடங்கள். அங்கே பெயிண்ட் இருந்தால் மின்சாரம் ஓடாது. எல்லாம் பூட்டி முடித்து ஸ்டார்ட்டர் முனகும்போது "எலெக்ட்ரீஷியன் சரியில்லை" என்று திட்டுவதில் பயனில்லை. ஓட்டைகளில் ரப்பர் கிராமெட் புதிதாகப் போட வேண்டும். தகட்டின் கூர் ஓரம் ஒயரின் தோலை அறுத்தால், நெருப்பைத் தடுக்க வேண்டிய சுவரே நெருப்பைப் பற்றவைக்கும்.

வீராதி வீரர்களுக்கு

இதுவரை அடி வாங்கியவர்கள் சோம்பேறிகள். தன் கையால் செய்கிறேன் என்று கிளம்பும் வீரர்களுக்கும் பாக்கி இருக்கிறது.

கம்ப்ரசர் ஒன்று, கன் ஒன்று வாங்கி, கார் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தில் கைக்குட்டை கட்டி, ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்ப்ரே அடிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டமாகக் காற்றில் நிற்கும். ஆபத்தான அளவை எட்டும்போது மூக்கு எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. அது நுரையீரலை ஒருமுறை பழக்கப்படுத்திவிட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா தாக்கும். ஆயுள் முழுக்க. பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு தொழில்வழி ஆஸ்துமாவின் முன்னணிக் காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது. குழாய் வழியே வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும் என்கிறது. கைக்குட்டை எம்மாத்திரம்! தெருமுனை ஷெட்டில் நாள் முழுக்க அடிக்கும் பெயிண்டரும் அதே கைக்குட்டையோடுதான் நிற்கிறார் என்பது தனிக் கொடுமை. பளபளப்புக்குப் பேரம் பேசுபவர்கள் அவருடைய மூச்சையும் சேர்த்துத்தான் பேரம் பேசுகிறார்கள்.

மணல் வீச்சும் அப்படித்தான். ஆற்று மணலை அடித்தால் கிளம்புவது சிலிக்கா தூசி. அது தருவது சிலிகோசிஸ், மருந்து இல்லாத நோய். பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதியிலேயே வீச்சு வேலைக்கு மணலைத் தடை செய்துவிட்டது. கார்னெட் போன்ற மாற்று இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் சேஸுக்கு ஸ்ப்ரேயே தேவையில்லை என்பதுதான் உச்சக்கட்ட நகைச்சுவை! நல்ல பிரஷ் போதும். பிரஷ்ஷால் அடித்தால் கோட் கெட்டியாக விழும், மூலைக்குள் தேய்த்து இறக்கலாம், பனிமூட்டம் இல்லை. 1889-ல் கட்டிய ஈஃபிள் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சுமார் 60 டன் பெயிண்டை ஆட்கள் பிரஷ்ஷால்தான் அடித்து வந்திருக்கிறார்கள். பாரிஸின் அடையாளத்துக்குப் போதுமான பிரஷ், ஹெரால்டின் அடிவயிற்றுக்குப் போதாதா? எப்பாக்ஸி தோலுக்கு ஆகாது, கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அவ்வளவுதான். ஃபயர்வால் மட்டும் பாடி நிறத்தில் பளபளக்க வேண்டும் என்றால், ப்ரைமர் வரை தன் கையால் முடித்துவிட்டு, கடைசி நிறத்தைச் சரியான அறையும் காற்று முகமூடியும் உள்ள இடத்தில் அடித்துக்கொள்ளலாம்.

பவுடர் கோட்டிங் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பவர்களுக்கு: அது 200 டிகிரி சூட்டில் வேகவைத்த கெட்டித் தோல். ஒரு கல் பட்டுத் தெறித்தால் அந்த ஓட்டை வழியே ஈரம் தோலுக்கடியில் ஊர்ந்து போகும், மேலே ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒட்டுப் போடவும் முடியாது. சேஸுக்கு வெளிர்ச் சாம்பல் நிறம் அடித்தால் எண்ணெய்க் கசிவும் விரிசலும் உடனே கண்ணில் படும். கருப்பு எல்லாவற்றையும் மறைக்கும். மறைப்பதுதான் நோக்கம் என்றால் கருப்பே சரி.

தன் கைக்கு எல்லை எங்கே என்றும் தெரிந்திருக்க வேண்டும். சுத்தியலின் கூர்முனையால் தட்டினால் உள்ளே போகிற இரும்புக்கு வைத்தியம் பெயிண்ட் கிடையாது. வெட்டி எடுத்து, அளவு தவறாமல், கைதேர்ந்த வெல்டரிடம் புதுத் துண்டு வைக்க வேண்டும். சேஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. நாளைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எண் தேய்ந்திருந்தால் திருட்டுக் கார் என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்லி மாளாது. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதியும் 50 வயது தாண்டிய காரின் சேஸ், பாடி, எஞ்சின் மூலவடிவில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. பானட் எவ்வளவு மின்னுகிறது என்று அந்த விதி கேட்கவில்லை.

மெட்ராஸ் ஹெரால்டு இனிமேல் ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. இருப்பவை காயலான் கடைக்குப் போவது பெரும்பாலும் எஞ்சின் செத்ததால் அல்ல, அதைத் தாங்க இரும்பு இல்லாமல் போவதால். அடுத்த அணிவகுப்பில் ஒரு ஹெரால்டைப் பார்த்தால் பானட்டில் முகம் பார்க்க வேண்டாம். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து பார்க்கலாம். உரிமையாளர் முகம் மலர்ந்து தானும் பக்கத்தில் குனிந்தால் அது நல்ல கார். அவசர அவசரமாக பானட்டை மூடினால் மேற்கொண்டு கேள்வியே வேண்டாம்.